கூலியையும் சந்தை விலைக்கே விட்டுவிடலாமா? காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி

காசிமேடு வியாபாரி:
மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை ஏறும், ஏறின விலைக்குத்தான் விற்கிறேன், அதில் எனக்கு உறுத்தல் இல்லை. உறுத்துவது கூலி. மே மாதம் கேரளா லாரியில் மீன் வந்தபோது, படகு வேலை இல்லாத ஆட்கள் பெட்டி இறக்க வந்து நின்றார்கள். 800 ரூபாய் வேலைக்கு ஒருத்தர் அவராகவே 500 போதும் என்றார், நானும் கொடுத்தேன். ஐஸ் தண்ணீர் பெட்டியிலிருந்து ஒழுகி அவர் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பேசி ஒப்புக்கொண்ட கூலிதானே, இது பாவமா? சர்ச் பூசையில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையைக் கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை. நாள் முழுக்க உழைத்தவனுக்குக் கொடுத்த அதே ஒரு தெனாரியத்தை, அதாவது ஒரு நாள் கூலிக் காசை, கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் தோட்டக்காரர் கொடுக்கிறாரே.

பெரம்பூர் பேரன்:
அண்ணா, இதே கேள்விக்குத் திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ 1891-ல் திருச்சபைக்கு எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் பதில் சொல்லிவிட்டார். சொத்து வைத்துக்கொள்வது மனிதனின் உரிமை என்கிறார், சோஷலிசம் கூடாது என்கிறார், ஆனால் வேறு வழியில்லாமல் ஒருவன் குறைந்த கூலிக்குத் தலையாட்டினால் அது சம்மதமே இல்லை, அநியாயம் என்கிறார். சிக்கனமாக வாழ்கிற தொழிலாளியின் வயிறு நிறைய வேண்டும், பேரத்துக்கும் மேலான நீதி அது. சங்கம் சேரும் உரிமையையும் அதிலேயே பேசுகிறார். நம் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும் தனித்தனியாகப் பேரம் பேசினால் எடுபடாது என்பதால்தான்.

வண்ணாரப்பேட்டை ஜோ:
சந்தையை அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். எங்கள் சித்தப்பா ஃபைபர் படகுக்காக ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். கடன் தீரும்வரை பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான், பக்கத்திலேயே ஏலத்தில் அதிகம் போகும்போது இவர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். கடனை அடைத்துவிட்டுப் பொது ஏலத்துக்கு வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்காவில் இருந்த இறையியலாளர்களும் இதைத்தான் சொன்னார்கள்: ஏமாற்று இல்லாமல், ஏகபோகம் இல்லாமல், பலர் கூடி விற்கிற இடத்தில் அமையும் விலையே நியாய விலை. ஆகவே வஞ்சிரம் விஷயத்தில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். கூலியும் அப்படித்தானே, ஆள் அதிகமானால் குறையும். 800-தான் என்று பிடிவாதம் பிடித்தால் சில பேருக்கு வேலையே கிடைக்காமல் போகலாம், அதையும் யோசியுங்கள்.

ராயபுரம் அக்கா:
தம்பி ஜோ, உங்கள் சித்தப்பா கதை எனக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் அது உங்கள் பக்கம் பேசவில்லையே. அவரைக் கட்டிப்போட்டது கடன். பெட்டி தூக்குகிறவரைக் கட்டிப்போடுவது அன்றைக்கு ராத்திரிச் சோறு. ரெண்டு பேருமே பேரம் பேச முடியாதவர்கள். சந்தைப் பொருளாதாரம் பேசிய ஆடம் ஸ்மித்தே 1776-ல் எழுதியிருக்கிறார், கூலியை உயர்த்தக் கூடாது என்று முதலாளிகள் எங்கேயும் தங்களுக்குள் சத்தமில்லாமல் ஒன்றாக இருப்பார்கள் என்று. முதலாளி ஒரு வருஷம்கூடத் தாங்குவார், தொழிலாளி ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம் என்பதும் அவர் சொன்னதுதான். அப்புறம், வேலைக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்று பைபிளில் லேவியர் 19-ல் இருக்கிறது. அவன் அன்றன்று சாப்பிடுகிறவன் என்று தெரிந்து எழுதினது அது. அன்றைக்கு அந்த லாரியில் உங்களுக்கு லாபம் என்ன நின்றது அண்ணா?

காசிமேடு வியாபாரி:
நல்லாவே நின்றது அக்கா. 800 கொடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதே ஆள் இப்போதும் வருகிறார். அந்த 300-ஐக் கொடுக்கலாம் என்றால், தர்மம் போடுகிறேன் என்று நினைத்து வாங்க மாட்டார், ரோஷக்காரர்.

ராயபுரம் அக்கா:
கூலி பாக்கி என்று சொல்லிக் கொடுங்கள். பாக்கிதானே அது.