விக்ராந்த்னு ரெண்டு கப்பலா? ஒரே பேரை எப்படி திரும்ப வைக்கிறாங்க?

உப்புக்காத்து:
1971 இந்தியா-பாகிஸ்தான் போர் பத்தி படிச்சிட்டிருந்தேன், அதுல நம்ம விமானம் தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த் வருது. ஆனா 2022ல கொச்சில விக்ராந்த்னு புதுசா ஒண்ணு கமிஷன் பண்ணாங்களே (கடற்படைல சேர்த்தாங்களே), ரெண்டுக்கும் நம்பர் கூட ஆர்11தான். பழசையே சரி பண்ணி விட்டாங்களா இல்ல வேற கப்பலா? ஒரே பேர்ல ரெண்டு இருந்தா குழப்பம் வராதா?

ராஜாளி77:
வேற கப்பல் ப்ரோ. பழசு பிரிட்டன்காரங்க ரெண்டாம் உலகப்போர் டைம்ல ஹெர்குலிஸ்னு ஆரம்பிச்சு பாதில விட்டது, 1957ல நம்ம வாங்கி 1961ல கமிஷன் பண்ணோம். 1997ல ரிட்டையர் ஆகி மும்பைல மியூசியமா நின்னுச்சு, 2014ல உடைச்சிட்டாங்க, அந்த இரும்பு கொஞ்சம் பஜாஜ் வி பைக்ல இருக்கு. புதுசு 262 மீட்டர், எடை பழசைவிட ரெண்டு மடங்குக்கு மேல. 2013ல இத தண்ணில இறக்குறப்ப பழசு மும்பைலதான் நின்னுச்சு, ஆனா சர்வீஸ்ல இல்ல, அதனால குழப்பமில்ல.

மாலுமி மகன்:
விக்ராந்தாவது ரிட்டையர் ஆன கப்பல், நம்ம போர்க்கப்பல் குக்ரி கதைய பாருங்க. 1971 டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கத்துல பாகிஸ்தான் சப்மரின் ஹாங்கோர் டார்பிடோ அடிச்சு கொஞ்ச நிமிஷத்துல முழுகிடுச்சு, 18 ஆபீசர், 176 மாலுமி போயிட்டாங்க. கேப்டன் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்ட இன்னொருத்தருக்கு குடுத்துட்டு கப்பலோடயே போனார். முழுகின கப்பல் பேர் ராசியில்லன்னு ஒதுக்கி வைக்கல, 1989ல புது கப்பலுக்கு அதே குக்ரி பேர வச்சாங்க. அந்த ரெண்டாவது குக்ரி 32 வருஷம் ஓடி 2021 டிசம்பர்ல ரிட்டையர் ஆச்சு, அத டையூவுக்கே மியூசியமா குடுத்துட்டாங்க. செத்தவங்களுக்கு இதவிட பெரிய மரியாதை என்ன செய்ய முடியும் சொல்லுங்க.

உப்புக்காத்து:
நன்றி அண்ணா, குக்ரி கதை தெரியாது எனக்கு. எதிரி நாட்லயும் இப்படி செய்றாங்களா?

ராஜாளி77:
செய்றாங்க ப்ரோ. 1971ல விக்ராந்த தேடி வந்து விசாகப்பட்டினத்துக்கு வெளில முழுகுன பாகிஸ்தானோட காஸி சப்மரின் இருக்குல்ல, அந்த பேர 1975ல போர்ச்சுகல்கிட்ட வாங்குன சப்மரினுக்கு வச்சாங்க. நம்ம பக்கம் அன்னிக்கு விக்ராந்த் மாதிரி ரேடியோ மெசேஜ் அனுப்பி காஸிய ஏமாத்துன ராஜ்புத் கப்பல் பேரும் 1980ல புது டெஸ்ட்ராயருக்கு போச்சு, அது 2021 மே வரைக்கும் ஓடுச்சு.