புதுப்பிப்பு: கோதுமைக்கு டி.ஏ.பி.யோடு சூப்பர் பாஸ்பேட்

கோதுமைக்கு அடியுரமாகப் போடும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ் சத்து) பாதியை டி.ஏ.பி.யாகவும் (டை அம்மோனியம் பாஸ்பேட், மணிச்சத்தோடு தழைச்சத்தும் உள்ள உரம்) பாதியை சூப்பர் பாஸ்பேட்டாகவும் கொடுத்தால் என்ன என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கதிர் வந்துவிட்டது. கலந்து போட்ட பாத்திகளில் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) கூடுதல், இளம் இலைகளிலும் வெளிறல் இல்லை.

ஆனால் இந்தப் பலனுக்கு மணிச்சத்துதான் காரணம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். 50 கிலோ டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்து. அதில் பாதியை ஈடுகட்ட 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் ஏறக்குறைய 72 கிலோ வேண்டும். அதோடு 8 கிலோ அளவுக்குக் கந்தகமும் சேர்ந்தே வருகிறது, டி.ஏ.பி.யில் அது கிடையாது. இளம் இலை வெளிறுவது கந்தகக் குறையின் அடையாளம் என்பதால் என் சந்தேகம் அந்தப் பக்கம்தான். மூட்டை தூக்கும் வேலை கூடியதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை!

டி.ஏ.பி.யைப் பாதியாக்கியதால் குறையும் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 10 கிலோ யூரியா சேர்த்தேன். அதை விதையோடு போடாதீர்கள், முளைப்பு கெடும்.

அப்புறம், பாறை பாஸ்பேட் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது அமில மண்ணில்தான் கரையும். என்னுடையது சுண்ணாம்பு மண், அதனால் தொடவில்லை. பலன் கந்தகத்தால்தானா என்று பார்க்க, அடுத்த பருவத்தில் டி.ஏ.பி.யோடு ஜிப்சம் (கந்தகம் உண்டு, மணிச்சத்து இல்லை) மட்டும் போட்டு ஒரு பாத்தி வைக்கிறேன்.