அவசர உதவி: குழந்தைக்குப் பின்னிய கால்மேசு குதிக்காலுக்கு மேல் ஏறவில்லை

கொக்குவில் சின்னம்மா:
அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் குழந்தைக்காகக் குறோசேயில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால், ஒரு சோடி கால்மேசு பின்னத் தொடங்கினேன். முதலாவது முடிந்துவிட்டது, அளவும் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அயல்வீட்டுக் குழந்தையின் காலில் போட்டுப் பார்த்தபோது, பாதத்தின் முன்பாதி உள்ளே போன பின்னர் வாய்ப்பகுதி குதிக்காலில் வந்து இறுகி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை கனடாவுக்குப் புறப்படும் ஒருவரிடம் பொதியைக் கொடுத்துவிட வேண்டும். எங்கே பிழை என்று தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

நூற்கண்டு:
என்ன நூல், எத்தனை மில்லிமீற்றர் ஊசி, விரல் பக்கமிருந்து தொடங்கினீர்களா அல்லது வாய்ப்பக்கமிருந்தா, என்ன தையல் என்று ஒன்றுமே எழுதவில்லையே. அக்காவின் குழந்தைக்கும் அயல்வீட்டுக் குழந்தைக்கும் ஒரே வயதுதானா? அளவு சரி என்று நீங்கள் சொல்வது பாதத்தின் நீளத்தை மட்டுமா, சுற்றளவையும் சேர்த்தா?

பனங்கூடல்:
இது நூலின் குற்றமாகவே இருக்க வேண்டும். இங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பது பருத்தி நூல். பருத்திக்கு இழுபட்டுத் திரும்பும் தன்மை மிகக் குறைவு. மேசைவிரிப்புக்கும் கதிரை உறைக்கும் அது பொருந்துமே தவிர, காலைப் பிடித்திருக்க வேண்டிய பொருளுக்குப் பொருந்தாது. நூலை மாற்றுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரிவரும்.

ஊசிமுனை:
யூரியூப் பார்த்துப் பின்னினீர்களா? அமெரிக்கர் சிங்கிள் குறோசே என்று சொல்வதையே நாங்கள் பாடசாலையில் பிரித்தானிய முறைப்படி டபிள் குறோசே என்று படித்தோம். அவர்களுடைய டபிள் எங்களுடைய திரெபிள். அமெரிக்கச் செய்முறையில் டபிள் என்று வந்த இடத்தில் நீங்கள் எங்களுடைய டபிளைப் போட்டிருந்தால், துணி கட்டியாகவும் குட்டையாகவும் வந்திருக்கும்.

மானிப்பாய் ரீச்சர்:
இதே கேள்வி இங்கே முன்பும் வந்து, நான் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாரிடமும் இல்லை. கால்மேசு என்பது நான்கு ஊசி கொண்டு வட்டமாகப் பின்னும் பொருள். குறோசேத் துணி இயல்பிலேயே தடிப்பானது, இழுபடாதது, அதே அளவு துணிக்குக் கூடுதலான நூலையும் தின்பது. அடிப்படை தெரியாமல் காணொளியைப் பார்த்துக் கை வைத்தால் முடிவு இப்படித்தான் இருக்கும். முதலில் நிற்றிங் என்னும் ஊசிப் பின்னலைப் பழகுங்கள், தங்கச்சி.

நூற்கண்டு:
ரீச்சர், வெள்ளிக்கிழமைக்குள் அவர் நான்கு ஊசிப் பின்னல் பழகி முடிப்பாரா? அவர் கேட்டது வேறு.

கொக்குவில் சின்னம்மா:
மன்னிக்கவும், மின்சாரம் நின்றுவிட்டது. நூலை நவீன சந்தைப் பக்கத்தில் வாங்கினேன். சுற்றியிருந்த தாள் இல்லாதபடியால் என்ன நூலென்று சொல்லத் தெரியவில்லை, தொட்டால் மெதுமையாக இருக்கிறது. ஊசியில் 3.5 என்று பொறித்திருக்கிறது. இரு குழந்தைகளுக்கும் நான்கு மாதம். அக்கா குழந்தையின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடிட்டு, அளவுகோலால் அளந்து 9.5 சென்ரிமீற்றர் என்று வைபரில் எழுதியிருந்தாள். தையல் எங்களுடைய டபிள் குறோசேதான், செய்முறையும் பிரித்தானிய முறையிலானது. வாய்ப்பக்கமிருந்தே தொடங்கினேன்: சங்கிலி போட்டு, வளையமாக இணைத்து, இழுபட வேண்டும் என்பதற்காக முதல் ஆறு சுற்றையும் பின் இழையில் (தையலின் தலையில் தெரியும் இரண்டு இழைகளில் பின்னால் உள்ளதில்) மட்டுமே பின்னினேன். ஆகையால் வாய் இழுபடாமல் இருக்க நியாயமில்லை.

நூற்கண்டு:
நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுதிய கடைசி இரண்டு வரிகளிலேயே இரண்டு காரணங்கள் கிடக்கின்றன.

முதலாவது, அந்தச் சங்கிலி. தையல்கள் எவ்வளவுதான் இழுபட்டாலும், அவற்றுக்கு அடியில் வளையமாகக் கிடக்கும் தொடக்கச் சங்கிலி இழுபடாது. வாயின் விரிவுக்கு அதுவே எல்லை. அதிலும் பெரும்பாலானோர் சங்கிலியை மற்றத் தையல்களைவிட இறுக்கமாகவே போடுவார்கள்.

இரண்டாவது, பின் இழையில் பின்னுவதால் உண்டாகும் மேடான வரம்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது. ஆர்மோனியத் துருத்தியைப் போல, அந்தத் துணி மடிப்புகளுக்குக் குறுக்காகவே விரியும். நீங்கள் சுற்றிச் சுற்றிப் பின்னியதால் வரம்புகள் கணுக்காலைச் சுற்றி ஓடுகின்றன. மேசு மேலும் கீழுமாக நீளுமே தவிர அகலாது. வாய்ப்பட்டியைப் பக்கவாட்டில் பின்ன வேண்டும். 9 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 8 டபிள் குறோசே. ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, பின் இழையில் மட்டும் மறுபடி 8. இப்படியே வரிவரியாகப் பின்னிக்கொண்டு போனால் ஒடுக்கமான நாடா ஒன்று வரும். அதை இழுக்காமல் வைத்தால் கணுக்காலைச் சுற்றி வர வேண்டும், நன்றாக இழுத்தால் குதிக்காலைத் தாண்ட வேண்டும். இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கி, அதன் விளிம்பில் வரிக்கு ஒரு தையலாக எடுத்து, அங்கிருந்து பாதத்தை நோக்கிப் பின்னுங்கள்.

நீளத்தை மட்டும் வைத்துப் பின்னுவதும் போதாது. குதிக்காலின் பின்கீழ் முனையிலிருந்து பாதத்தின் மேல்வளைவு வரை சரிவாக அளவுநாடாவைச் சுற்றினால் வரும் அளவுதான் காலில் மிகப் பெரியது. வாய் தாண்ட வேண்டியது அதைத்தான்.

பனங்கூடல்:
நூற்கண்டு சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் நூல் எதுவென்று அறியாமல் ரொறன்ரோவுக்கு அனுப்புவது சரியல்ல. ஒரு சிறு துண்டை வெட்டி, பழைய கரண்டியின் மேல் சாமணத்தால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். அக்கிரிலிக் என்னும் செயற்கை நூல் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த கட்டியாக இறுகும். பருத்தி கடதாசியைப் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி தலைமயிர் கருகும் மணத்தைத் தந்து, நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்.

மானிப்பாய் ரீச்சர்:
அக்கிரிலிக்காக இருந்தால் அனுப்பவே வேண்டாம். கம்பளி ஈரத்தை உறிஞ்சிய பின்னும் சூட்டை வைத்திருக்கும். அக்கிரிலிக் வியர்வையை உறிஞ்சாது, கால் உள்ளே நனைந்து கிடக்கும். பனிநாட்டில் இருக்கும் குழந்தைக்குக் கம்பளிதான் முறை.

ஸ்காபரோவாசி:
ரீச்சர், பனிநாட்டில் இருக்கும் குழந்தை பனிக்குள் படுத்திருப்பதில்லை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை என்றாலும் வீட்டுக்குள் 20, 21 வரை சூடேற்றி வைத்திருப்போம். இங்கே இரவு பகலாக வேலைக்கு ஓடும் தாய்க்குக் கம்பளியைக் கையால் அலசி நிழலில் உலர்த்த நேரம் இருக்காது. சாதாரணக் கம்பளியை இயந்திரத்தில் சுடுநீரில் போட்டால் சுருங்கித் தடித்து, பொம்மைக்கும் போதாத அளவில் வெளியே வரும். இயந்திரத்தில் துவைக்கக்கூடியதாகப் பதப்படுத்திய கம்பளியும் உண்டு, ஆனால் அது யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதுவரை மெல்லிய அக்கிரிலிக் போதுமானது.

மானிப்பாய் ரீச்சர்:
வசதிக்காகத் தரத்தைக் குறைப்பதென்றால் கடையிலேயே வாங்கிப் போடலாமே, கையால் எதற்குப் பின்ன வேண்டும்?

ஸ்காபரோவாசி:
சின்னம்மா பின்னியது என்பதற்காகத்தான். துவைக்க அஞ்சி அலுமாரிக்குள் வைத்துவிட்டால் அதுவும் இல்லாமற்போகும்.

ஊசிமுனை:
தையல் பெயர் பற்றிய என் ஊகம் பொய்த்தது, சரி. ஆனால் ஊசியை எவரும் கவனிக்கவில்லை. நூலின் தடிப்புக்கு 3.5 சிறிதாக இருந்தால் துணி மட்டையாக விறைத்து நிற்கும். கேட்பது மெதுமையான மேசு. 4க்கு மாறி, ஒரு சிறு சதுரம் பின்னி, கையால் கசக்கிப் பாருங்கள்.

வெள்ளைச்சீருடை:
நான் குழந்தைகள் விடுதியில் தாதியாகப் பணியாற்றியவள். சூடு பற்றிய விவாதத்துக்கு ஒன்று சொல்கிறேன்: கைக்குழந்தையின் கைகால்கள் தொட்டால் சில்லென்று இருப்பது வழக்கமானது. குழந்தைக்குக் குளிர்கிறதா, வெக்கையாக இருக்கிறதா என்பதை நெஞ்சிலோ பிடரியிலோ தொட்டுத்தான் அறிய வேண்டும். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேசுக்கு மேல் மேசு போடக் கூடாது.

அதைவிட முக்கியமானது மேசின் உட்பக்கம். உள்ளே தொங்கும் ஒற்றை இழை குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே தடைப்படும். குழந்தை காரணம் தெரியாமல் அழும், மேசைக் கழற்றிப் பார்க்கும் வரை எவருக்கும் விளங்காது. தாயின் தலைமயிர் ஒன்று உள்ளே கிடந்தாலும் இதே ஆபத்துத்தான். ஆகவே நூல் முனைகளைத் தையல்களுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி மறைத்துவிட்டு, மேசை உட்புறம் வெளியே திருப்பி, விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மயிர் பறக்கும் நூல் வேண்டாம். கணுக்காலில் இழுத்துக் கட்டும் ரிப்பனும் பொத்தானும் வேண்டாம். கழன்றால் குழந்தையின் வாய்க்குள்தான் போகும்.

கொக்குவில் சின்னம்மா:
எல்லோருக்கும் மிக்க நன்றி. நூலை எரித்துப் பார்த்தேன், கறுத்த கட்டியாக இறுகியது. பின்னிய பாதத்தை அவிழ்க்காமல் வாய்ப்பட்டியை மட்டும் மாற்ற வழி இருக்கிறதா?

நூற்கண்டு:
அப்படியானால் அக்கிரிலிக். ஸ்திரிகைப்பெட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள், சூடு பட்டால் துணி தொய்ந்துபோகும். வாய்ப்பட்டியை மாற்ற முடியும்: ஆறாவது சுற்றில் ஒரு தையலை வெட்டி, அந்தச் சுற்றின் இழையை ஒவ்வொன்றாக உருவி எடுத்தால் மேற்பகுதி தனியே கழன்றுவிடும், பிறகு புதிய நாடாவைத் தளர்வாகத் தைத்து இணைக்கலாம். ஆனால் உருவும்போது அடுத்த சுற்றும் பிரிந்துவிட இடமுண்டு, இணைத்த இடமும் சற்றுத் தடிக்கும். இவ்வளவு சிறிய பொருளைப் புதிதாகப் பின்னுவதே விரைவு என்பது என் எண்ணம்.

மானிப்பாய் ரீச்சர்:
இணைப்புத் தடிப்பு குதிக்காலுக்கு மேலே வந்தால் உறுத்தும். புதிதாகப் பின்னச் சொல்லுங்கள். ஊசிப் பின்னலாக இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கொக்குவில் சின்னம்மா:
புதிதாகவே பின்னினேன், 4 மில்லிமீற்றர் ஊசியால், நாடாவைப் பக்கவாட்டில் வைத்து. அயல்வீட்டுக் குழந்தைக்கு எளிதாக ஏறியது, உதைத்தும் கழரவில்லை. மற்றக் காலுக்குரியதை இன்றிரவு தொடங்குகிறேன்.

மானிப்பாய் ரீச்சர்:
நன்று. நாடாவில் எத்தனை வரி, பாதத்தில் எத்தனை சுற்று என்பதை முடிந்ததிலிருந்து எண்ணி ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சுற்றின் முதல் தையலில் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்து அடையாளம் வையுங்கள். களைத்த கையோடு இரவில் பின்னினால் தையல் இறுகி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். காலையில் தொடங்குவது நல்லது.