முயலுக்கு மூச்சு இளைத்தால்: வளர்ப்பவர்கள் பகிர்ந்தவை

மாடிவீட்டுக்காரி, மதுரை

எங்கள் முயல் பஞ்சு, வீட்டுக்கு வந்த அன்றைக்கே தும்மியது. "புது இடம் இல்லையா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் விற்றவர். ஆகவில்லை. அதன் பிறகு சளியோடுதான் எங்கள் குடித்தனம் நடக்கிறது. இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தடவை டாக்டரிடம் காட்டியபோது அவர் மூக்கைத் தொடவே இல்லை. முன்னங்காலைத் தூக்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே முடி மஞ்சளாகக் கட்டிதட்டி, கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்துக் கிடந்தது. முயல் தன் மூக்கை முன்னங்காலால் துடைத்துத் துடைத்து முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். அதனால் மூக்கு உலர்ந்திருந்தாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது யார் வீட்டு முயலைப் பார்த்தாலும் என் கை முதலில் முன்னங்காலுக்குத்தான் போகிறது.

மூக்குச் சளியை எடுத்து லேபுக்கு அனுப்பியதில் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்று வந்தது. முயல் சளிக்கு வழக்கமாக மாட்டுகிற கிருமி இதுதான். போர்டெடெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ் இவற்றாலும் வருமாம், ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காமல் போகலாம். அதனால் பரிசோதனைச் செலவைப் பார்க்காதீர்கள். எங்களுக்கு எண்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் அன்றே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "அடங்கும், முழுசா போகும்னு எதிர்பார்க்காதீங்க. இடம் மாறினா, பயந்தா, வெயில் ஏறினா திரும்பத் தலை காட்டும்." அவர் சொன்னபடியேதான் நடக்கிறது. தீபாவளி வாரம் முழுக்கத் தும்மல், கார்த்திகையில் கொஞ்சம் நிம்மதி.

மருந்தைவிட அதிகப் பலன் தந்தது வீட்டுக் காற்றைச் சரிசெய்ததுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். கொசுவர்த்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிக்கும்போது கிளம்பும் மிளகாய் நெடி, பாத்ரூம் கழுவும் ஆசிட் என்று நமக்குப் பழகிப்போனதெல்லாம் தரையோடு தரையாக மூச்சு விடுகிற ஜீவனுக்கு ஆகாது. கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்துவிட்டோம். சாம்பிராணிதான் பெரிய பஞ்சாயத்து. "சாமிக்குப் போடுறதை முயலுக்காக நிறுத்தணுமா?" என்று அத்தை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறார், புகை அடங்கினால்தான் திறக்கிறார். கூண்டில் மரத்தூள் பரப்புவதையும் நிறுத்தி, பழைய காட்டன் துணியும் பேப்பரும் போடுகிறோம்.

அப்புறம் நெபுலைசர், அதாவது மருந்தை ஆவி மாதிரி ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் மெஷின். பையனுக்கு வீசிங் வந்தபோது வாங்கிய அதே மெஷின்தான். முயல் முகத்தில் மாஸ்க் வைக்க முயலாதீர்கள், மிரண்டு உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம். முயலைத் தூக்கிப் போகும் பெட்டிக்குள் அதை விட்டு, மேலே துண்டைப் போட்டு, ஓரமாகக் குழாயை நுழைத்துவிட்டால் போதும். உள்ளே மூட்டம் போட்டதுபோல் ஆவி நிறையும். வெறும் நார்மல் சலைன் (மருந்துக் கடை உப்புத் தண்ணீர்), பத்துப் பதினைந்து நிமிடம். குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கிற மருந்துக் குப்பியை டாக்டரைக் கேட்காமல் ஊற்றாதீர்கள். வெளியே எடுத்ததும் நாலைந்து தும்மல் போடும், கட்டியிருந்த சளி இளகி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மூக்கையும் காலையும் துடைத்துவிட்டால், நேராகப் புல்லுக்குப் போகும். மூக்கு அடைத்திருந்தால் முயலுக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் தின்னாது. அதனால் சாப்பாட்டுக்கு முன் நெபுலைசர் என்று வைத்துக்கொண்டோம்.

மூச்சை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். மூக்கு துடிப்பதை எண்ணக் கூடாது, அது வேறு கணக்கு. படுத்திருக்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதைப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை சாதாரணம். பஞ்சுவுக்கு நல்ல நாளில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் கெட்ட நாளை உடனே பிடிக்க முடிகிறது.


கொளத்தூர் வாசி, சென்னை

மேலே எழுதியவர் சொல்லாத ஒன்று. முயல் வாயைத் திறந்து மூச்சு விட்டால் நெபுலைசர், லேப் எதற்கும் நேரமில்லை. ஓட வேண்டும்.

போன கத்திரி வெயிலில், மதியம், கரண்ட் போயிருந்தது. நாங்கள் இருப்பது மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, தளம் தணலாகக் கொதிக்கும். எங்கள் முயல் சிண்டு கழுத்தை மேலே நீட்டி, மூக்குத் துவாரம் விரிய, வாய் பிளந்து இழுத்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. நாய் வாயைத் திறந்து இளைத்தால் சூடு தணிக்கிறது என்று அர்த்தம். முயல் அப்படி இல்லை. அதன் தொண்டை அமைப்பே மூக்கால் மட்டும் மூச்சு விடுவதற்கானது, வாயைத் திறக்கிறது என்றால் வேறு வழியே இல்லை என்று பொருள். வியர்வையும் கிடையாது. உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்கு இருப்பது அந்தக் காதுகள்தான்.

குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துக் காதுகளைத் துடைத்துக்கொண்டே ஆட்டோவில் போனோம். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரில் முக்கக் கூடாது, வாயில் தண்ணீர் புகட்டவே கூடாது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். கிளினிக்கில் டாக்டர் அம்மா சிண்டுவைக் கையிலேயே எடுக்கவில்லை. பெட்டியோடு ஆக்சிஜன் கொடுத்து, இருட்டாக மூடி வைத்தார். "எக்ஸ்ரே எடுக்கலையா மேடம்?" என்று நான் பறந்தேன். "இப்ப இதைப் பிடிச்சு நீட்டிப் படுக்க வச்சா, படம் வரும், முயல் இருக்காது. கொஞ்சம் பொறுங்க" என்றார். பிழைத்துக்கொண்டான்.

இப்போது பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றி அவன் பக்கத்தில் போட்டுவிடுகிறோம், சாய்ந்து படுத்துக்கொள்வான். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதானாலும் முயல் பார்ப்பவர் யார், எப்போது இருப்பார் என்று நல்ல நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


பல்லுக்குப் பல், கோவை

எங்கள் முயலுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி. அதே பக்கக் கண்ணில் எந்நேரமும் நீர். மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் வரும். வேறு டாக்டர் ஒருவர் தலையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது: மேல்பல்லின் வேர் உள்பக்கமாக நீண்டு கண்ணீர் போகும் குழாயை அமுக்கிக்கொண்டிருந்தது. முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்ததோ கேரட், பிஸ்கட், கடையில் விற்கும் கலர் தீவனம்.

மயக்கம் கொடுத்துப் பல்லைச் சீராக்கி, குழாயைச் சலைனால் கழுவி விட்டார்கள். வேர் வளர்ந்தது வளர்ந்ததுதான், அதனால் அவ்வப்போது போய்க் கழுவிக்கொண்டு வருகிறோம். இப்போது முக்கால்வாசி சாப்பாடு புல்தான். திமோத்தி புல் விலைக்குக் கட்டுப்படி ஆகாதவர்கள் அருகம்புல், கோ-4 தீவனப்புல் கொடுக்கலாம். காய்ந்த புல்லாக இருந்தால் வாசலில் வைத்து நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள், அந்தத் தூசி போதும் ராத்திரி முழுக்கத் தும்ம வைக்க.


பண்ணைக்காரன், கொடைக்கானல் மேல்மலை

நான் செல்லமாக வளர்ப்பவன் இல்லை, பண்ணை வைத்திருக்கிறேன். மன்னவனூரில் இருக்கிற மத்திய அரசின் ஆடு, முயல் ஆராய்ச்சி நிலையம் எங்களுக்குப் பக்கம். பண்ணையில் ஒன்று தும்மினால் அதைத் தனியே பிரித்துவிடுவோம், தேறாவிட்டால் வைத்திருக்க மாட்டோம். நீங்கள் நெபுலைசர் வைப்பதைப் படித்தால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். மலையில் முயலுக்குச் சளி வருவது குளிரால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். குளிரை அது தாங்கும். மார்கழியில் குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் சுற்றிலும் மூடுவோம் பாருங்கள், அப்போதுதான் தும்மல் ஆரம்பிக்கும். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா வெளியே போக வழியில்லாமல் மூக்கின் உள்தோலை அரித்துவிடும், கிருமிக்கு அது போதும். நின்றுகொண்டு பார்த்தால் உங்களுக்கு நாற்றம் தெரியாது. குனிந்து, கூண்டு மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால் முயலுக்கு அது பகலும் இரவும் கரிக்கிறது. புழுக்கை பெரிய தொல்லை இல்லை, மூத்திரத்தைத்தான் அன்றன்றே எடுக்க வேண்டும்.

புது முயல் வாங்கினால் பழையதோடு உடனே சேர்க்காதீர்கள். ஒரு மாதமாவது தனி அறை, தனிக் கிண்ணம். பழையதைக் கவனித்துவிட்டுப் புதியதிடம் போங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.


ஸ்ரீரங்கத்துப் பொம்மி வீடு

எங்கள் பொம்மிக்குத் தும்மலும் இல்லை, சளியும் இல்லை. மூச்சு மட்டும் வேகம். வயதாகிவிட்டது என்று நினைத்தோம். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க உருண்டை உருண்டையாக நிழல். கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து அங்கே பரவியிருந்தது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நாலு வயதுக்கு மேல் இது அடிக்கடி வருமாம். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பெண் முயல் வைத்திருப்பவர்கள் இளவயதிலேயே டாக்டரிடம் அறுவைசிகிச்சை பற்றிப் பேசுங்கள்.


புதுசா வந்தவன்

அக்கா, எங்க முயல் நேத்துல இருந்து தும்முது. தம்பிக்கு வாங்கின அமாக்சிசிலின் சிரப் வீட்ல இருக்கு. கொஞ்சமா கொடுக்கலாமா?


மாடிவீட்டுக்காரி, மதுரை

கொடுக்காதீங்க தம்பி, ஒரு சொட்டு கூட வேண்டாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் இவையெல்லாம் முயலுக்கு வாய் வழியாகப் போனால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, விஷக் கிருமி பெருகி, கழிச்சல் கண்டு உயிரே போய்விடும். பெனிசிலின் ஊசியைச் சில டாக்டர்கள் போடுவார்கள், ஊசி வேறு, வாய் வழி வேறு. இங்கே ஒரு கிளினிக்கில் எங்களுக்கே இந்தச் சிரப்பை எழுதினார்கள், பெயர் வேண்டாம். மருந்துக் கடைக்காரர் "முயலுக்கா?" என்று கேட்டு நிறுத்தினார், அவருக்குப் புண்ணியம். வீசிங் மாதிரி இருக்கிறது என்று ஸ்டீராய்டு ஊசி போட வந்தாலும் ஒரு முறை கேள்வி கேளுங்கள், அடங்கியிருக்கும் சளிக்கிருமியை அது கிளப்பிவிடும்.

இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது: புல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா. அரை நாளாக இரண்டும் இல்லையென்றால் தும்மலைவிட அதுதான் அவசரம், இன்றைக்கே போங்கள். மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் என்பதால் வீட்டுத் தராசில் எடையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தும்மும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டர் முன்னால் அது தும்மவே தும்மாது.

எந்த ஊர் நீங்கள்? சொன்னால் அந்தப் பக்கம் முயல் பார்க்கும் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன்.