வாங்குனப்ப பிங்க், இப்போ முழுப் பச்சை. செடி வியாபாரத்துல உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கா?

தொட்டிச்செடி:
பிங்க் காங்கோ, அதான் அந்த பிங்க் இலை பிலோடெண்ட்ரான், அதப் பத்தி எல்லாருக்கும் தெரியும், முன்கதை வேணாம். எல்லாரும் பிங்க் பிங்க்னு அலைஞ்ச லாக்டவுன் சமயத்துல நானும் ஒண்ணு வாங்குனேன், அஞ்சு இலை, அஞ்சும் சாயத்துல முக்கி எடுத்த மாதிரி. ஏழாவது மாசம் ஒரு நாள் காலைல புது இலை சுருள் விரியுது, பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருக்கேன், நுனி பச்சை. சரி விரிய விரிய மாறும்னு நினைச்சேன், அன்னிக்கு பூரா வேற வேலையே ஓடல. மறுநாள் முழுசா விரிஞ்சு நிக்குது, ஒரு புள்ளி கூட பிங்க் இல்ல. பழைய இலைங்களும் ஒண்ணொண்ணா பச்சைக்குப் போயிடுச்சு. வித்தவர்கிட்ட கேட்டேன், "வெளிச்சம் பத்தல மேடம்"னு ஒரே வரி, அதுக்கப்புறம் ப்ளாக். இப்பவும் ஜன்னலோரம் அந்த செடி கொழுகொழுன்னு நல்லாத்தான் வளருது, அதான் இன்னும் எரிச்சல்.

நிழல்வலை:
தப்பா எடுத்துக்காதீங்க சிஸ், இதுல பாதி தப்பு நம்ம பக்கம். பிங்க் பிரின்சஸ்னு இன்னொரு பிலோடெண்ட்ரான் இருக்கு, அது வேற, பிங்க் காங்கோ வேற. பிரின்சஸ்ல பிங்க் செல்லுலயே கலந்திருக்கு, தண்டைப் பாத்தாலே கோடு தெரியும். காங்கோங்கறது சாதா பச்சை பிலோடெண்ட்ரான், கெமிக்கல் கொடுத்து புது இலைய பிங்க்கா வர வெக்கிறாங்க, மருந்தோட வேகம் அடங்குச்சுன்னா அவ்ளோதான். இத அப்பவே தொண்டை கிழிய சொன்னோம், யாரு கேட்டா.

என் கதை சிம்பிள். தாய் கான்ஸ்டலேஷன், இலைல வெள்ளைத் தெறிப்பு இருக்கற மான்ஸ்டெரா, வேர் பிடிச்ச கட்டிங் பதினெட்டு கைல வெச்சிருந்தேன், இன்னும் ஏறும் இன்னும் ஏறும்னு. டிஷ்யூ கல்ச்சர் செடி, அதான் லேப்ல ஆயிரக்கணக்குல பெருக்குனது, மொத்தமா வந்து இறங்குச்சு. ஒரு பெரிய கடை வாசல்ல ட்ராலில அடுக்கி இருக்கு, நான் ஒரு கணுவுக்குக் கொடுத்த காசுக்கு அங்க முழுச் செடி கெடைக்குது. ஒரு அம்மா அதுல ஒண்ணத் தூக்கி கூடைல துணி சோப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டு விலைய கூட பாக்காம போறாங்க. அங்கயே நின்னுட்டேன்.

மண்புழு:
@நிழல்வலை, ஏமாந்தவங்க மேல பழி போடறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. பதினெட்டு கட்டிங் பதுக்கி வெச்சவரு பாடம் எடுக்கறாரு. 1637ல ஹாலந்துல டூலிப் கிழங்குக்கு அடிச்சுக்கிட்டாங்களே, அவங்க அதிகமா ஆசைப்பட்ட அந்த கோடு போட்ட பூவே வைரஸ் நோயால வந்தது, கிழங்கையே நலிய வெக்கிற நோய். அது 1920கள்லதான் தெரிஞ்சுது. அப்போ அவங்களயும் "தண்டைப் பாத்திருக்கலாமே"ன்னு கேப்பீங்களா?

குளிர்ரூம்:
நான் தொட்டிச்செடி ஆளு இல்ல, ரோஜாப் பண்ணைல பேக்கிங். எங்க பூ நெதர்லாந்துல இருக்கற ஆல்ஸ்மீர் பூ ஏலத்துக்குப் போகும். அங்க விலை மேல இருந்து கீழ இறங்கும், மொதல்ல பட்டன் அமுக்கறவனுக்குப் பூ. 2020 மார்ச்ல அமுக்க ஆள் இல்ல, அங்க வண்டி வண்டியா பூவ அழிச்சாங்க, நீங்களும் வீடியோ பாத்திருப்பீங்க. நான் இந்தப் பக்கம் இருந்தேன். ஃப்ளைட் இல்ல, ஆர்டர் கேன்சல், ஆனா மொட்டு விடறத நிறுத்த முடியாது, வெட்டாம விட்டா செடி கெடும், அதனால தினமும் வெட்டி குழில கொட்டுனோம். எல்லாரும் வாசனைய பத்தி கேப்பாங்க. ஏற்றுமதி ரோஜால பெரும்பாலும் வாசனையே கெடையாதுங்க, ஜாடில நாள் தாங்கணும், பெட்டில நசுங்கக் கூடாதுன்னு பாத்து பாத்து உருவாக்குன ரகம். எனக்கு மறக்காதது சத்தம்தான். ட்ராக்டர் ஏறுறப்போ அந்த தண்டுங்க நொறுங்குன சத்தம். ஒவ்வொண்ணும் அறுபது சென்டிமீட்டர் அளந்து நான் கட்டுனது.

மாடித்தோட்டம்_அக்கா:
எனக்கு நீல ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட். அடுத்த தடவ பூத்தப்ப வெள்ளை. அவ்ளோதான் கதை, மாமியார் முன்னாடி மானம் போச்சு.

ஆனா தொட்டிச்செடி, உங்களுக்கு சில விஷயம் சொல்லணும்மா. நீல ஆர்க்கிட்னா பூத்தண்டுல அடில சின்ன ஓட்டை இருக்கும், மெழுகு வெச்சு அடைச்சிருப்பாங்க, அது வழியாதான் சாயம் ஏத்துவாங்க, மொதல்ல அதத் தடவிப் பாருங்க. பிங்க், வெள்ளை கலந்த செடி எதுவா இருந்தாலும் இலை போட்டோவ நம்பாதீங்க, கணுவோட போட்டோ கேளுங்க, தண்டுல கோடு இல்லாத கணு வாங்குனா வர்றதும் பச்சைதான். ஆல்போ மாதிரி வெள்ளை கலந்த செடில தொடர்ந்து ரெண்டு மூணு இலை பச்சையா வந்தா, கோடு இருக்கற கணு வரைக்கும் வெட்டி விட்டுருங்க, பச்சைக் கிளை சீக்கிரம் வளந்து மத்தத அமுக்கிடும். முழு வெள்ளை இலை வந்தா சந்தோஷப்படாதீங்க, அதுல பச்சையம் இல்ல, ரொம்ப நாள் நிக்காது. புதுசா வந்த செடிய மத்த செடிங்களோட சேக்காம தனியா வைங்க, இலைக்கு அடில மாவுப்பூச்சி, த்ரிப்ஸ் இருக்கான்னு பாருங்க. அப்புறம் வெட்டுன பூவ பழுத்த பழத்துக்குப் பக்கத்துல வெக்காதீங்க, எத்திலீன் வாயு வரும், கார்னேஷன் எல்லாம் சட்டுனு சுருங்கிடும். முக்கியமா அரைலிட்டர் தண்ணில…

மண்புழு:
அக்கா, அவங்க காங்கோ பத்திதான் கேட்டாங்க 😄

வரப்போரம்:
ஆரஞ்சு பெட்டூனியா ஞாபகம் இருக்கா? 2017. பெட்டூனியால அந்த ஆரஞ்சு இயல்பா வராது. 1980கள்ல ஆராய்ச்சிக்காக மக்காச்சோள ஜீன் போட்டு உருவாக்குனாங்க, எப்படியோ அது வியாபார ரகங்களுக்குள்ள கலந்து வருஷக்கணக்கா வித்திருக்கு, ஃபின்லாந்துல ஒரு விஞ்ஞானி கண்ணுல பட்டுதான் வெளிய வந்துச்சு. எங்களுக்கு மெயில் வர்றப்போ ட்ரே எல்லாம் பூத்து தயாரா நிக்குது. ஆபத்துன்னு யாரும் சொல்லல, அனுமதி வாங்காத ஜிஎம், அதான் மரபணு மாத்துன செடி, அதனால அழிக்கணும், அவ்ளோதான். வேலைக்கு வந்த பையன் ஒரு செடியக் கையில வெச்சுட்டு "இது என்னண்ணே தப்பு பண்ணுச்சு?"ன்னு கேட்டான். நான் பையப் புடிடான்னு கத்திட்டேன்.

நிழல்வலை:
@மண்புழு, பதுக்கல் இல்ல ப்ரோ, ஸ்டாக். சரி விடுங்க. @தொட்டிச்செடி, ஒண்ணு மட்டும் கேக்கறேன். அஞ்சு இலைன்னீங்க, அது பிங்க்கா இருந்தப்ப நீங்க அதுல கட்டிங் எடுத்து யாருக்கும் குடுக்கலையே?

தொட்டிச்செடி:
நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன். ரெண்டு வித்தேன். வாங்குன காசுல பாதி வந்துடும்னு. அப்ப எனக்கும் தெரியாது, சத்தியமா. பச்சை இலை வந்தப்புறம் ரெண்டு மூணு தடவ மெசேஜ் டைப் பண்ணி அழிச்சுட்டேன். அதுல ஒரு பொண்ணு, புது இலை விட்டதும் போட்டோ அனுப்பறேங்க்கான்னு சொல்லிருந்தா. இன்னும் அனுப்பல.