சங்குவளை நாரையை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? என் ஊசுட்டேரி அனுபவம்

மார்ச் முதல் வாரம், காலை ஆறரை மணி. புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரியில் தண்ணீர் பின்வாங்கிச் சேறு தெரிய ஆரம்பித்த பக்கமாக நின்றிருந்தேன். அங்கே முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. பதினேழு சங்குவளை நாரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நடந்து வந்தன. மஞ்சள்மூக்கு நாரை என்றும் சொல்வார்கள். நின்றால் மூன்றடி உயரம், இறக்கையை விரித்தால் ஐந்தடி. மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை. பின்பக்கம் வாலை மூடிக்கொண்டு ரோஜா நிற இறகுகள்.

அதில் ஒன்று கரைக்கு நெருங்கி வந்தது. பைனாகுலரில் முகம் முழுதாகத் தெரிந்தது. அலகைப் பாதி திறந்து, கிட்டத்தட்ட கண் வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவிக்கொண்டே நடந்தது. காபி நிறத்தில் கலங்கிய தண்ணீர். அதில் மீன் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? தெரியவே வேண்டாம். அலகில் மீன் உரசினால் போதும், டக்கென்று மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் இருக்கும் இதன் நெருங்கிய உறவான நாரையை வைத்து இந்த வேகத்தை அளந்திருக்கிறார்கள். ஒரு விநாடியை நாற்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. நாம் கண் சிமிட்டுவதற்குக்கூட அதைவிட நேரமாகும்.

நடுநடுவே ஒரு காலால் சேற்றைக் கிளறியது. ஒரு பக்க இறக்கையை மட்டும் படக்கென்று விரித்து மடக்கியது. ஒளிந்திருக்கும் மீனைக் கிளப்பிவிடத்தான். அரை மணி நேரத்தில் ஐந்து மீன் பிடித்ததை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி ஒரு உலுக்கு உலுக்கி விழுங்கியது.

ஏரி ததும்பினால் நமக்கு மனம் நிறைகிறது. ஆனால் ஆழத் தண்ணீரில் இந்த நாரைக்கு வேலையில்லை. நின்று துழாவத்தான் தெரியும். தண்ணீர் வற்றி, மீன் குட்டைகளில் ஒதுங்கும்போதுதான் அதற்கு வயிறு நிறையும். அந்த ஓரத்துச் சேற்றை ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று நினைத்துக் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

பாகூரிலிருந்து ஒரு விவசாயி

எங்கள் வயலுக்கு வருவது இதைவிடச் சின்னது, நத்தைகுத்தி நாரை. நடவுக்குச் சேறடிக்கும்போது டிராக்டர் பின்னாலேயே நடக்கும். வாயை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். வரப்பில் அது தின்றுவிட்டுப் போட்ட நத்தை ஓடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஓடு உடைந்திருக்காது, உள்ளே சதை மட்டும் காலி. கீழலகின் நுனியை உள்ளே விட்டு, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து உருவிவிடுமாம். இது வந்தால் விரட்டாதே என்று அப்பா சொல்வார். நானும் விரட்டுவதில்லை.

கடலூரிலிருந்து

ஐயா, நான் சங்குவளை நாரையின் கூட்டைப் பார்த்தது வேடந்தாங்கலில், பிள்ளைகளோடு போனபோது. உச்சி வெயில். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரத்தில் கூட்டுக்குக் கூடு நெருக்கம். குஞ்சுகள்தான் ஓயாமல் கத்தின. பெரிய பறவைகளிடம் சத்தமே இல்லை, எப்போதாவது அலகை அடித்துக்கொள்ளும் ஓசை மட்டும். அதன் சிவந்த கால்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தன. தன் எச்சத்தையே காலில் விட்டுக்கொள்ளுமாம், ஈரம் காயும்போது உடம்பு சூடு தணியும் என்று அங்கே இருந்தவர் விளக்கினார். அப்புறம் ஒரு நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி இறக்கை இரண்டையும் விரித்து நின்றது. நிழல் முழுக்க மூன்று குஞ்சுகள் மேல். நாங்கள் பார்த்த முக்கால் மணி நேரமும் அது இறக்கையை மடக்கவில்லை. இன்னொன்று பறந்து வந்து, வாயில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகளின் மேல் ஊற்றிவிட்டு, மறுபடி ஏரிக்கே போனது.