ரன் கீயின் நேரத்தை நம்பி அறிக்கை எழுதலாமா?

நிலா_தடயம்:
வணக்கம். டிஜிட்டல் தடயவியல் படிக்கிறேன். பயிற்சிக்குக் கொடுத்த விண்டோஸ் 10 டிஸ்க் இமேஜில் (டிஸ்கின் முழு நகல்), பயனரின் ரிஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் அமைப்புகள், இருக்கும் என்டியூசர்.டாட் கோப்பைத் திறந்து, லாகின் ஆனதும் தானாக ஓட வேண்டியவை பட்டியலிடப்படும் ரன் கீயைப் பார்த்தேன். ஒன்டிரைவ், ஸ்டீம், அப்புறம் ‘அப்டேட்ஹெல்ப்பர்’ என்று ஒன்று. இது பயனரின் ஆப்டேட்டா ரோமிங் ஃபோல்டரில் கிடக்கும் இஎக்ஸ்இ ஒன்றைக் கிளப்புகிறது. கீயின் கடைசி மாற்ற நேரம் மார்ச் 14, 20:40. அன்று சேர்த்தார்கள், அன்றிலிருந்து ஓடியது என்று அறிக்கையில் எழுதலாமா?

பழையரிஜிஸ்ட்ரி:
எழுதாதீர்கள் அம்மா. ரிஜிஸ்ட்ரியில் நேரம் கீக்குத்தான் உண்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் தனியாகக் கிடையாது. ஸ்டீம் தன் வரியைத் திருத்தியிருந்தாலும் இதே நேரம்தான் பதிவாகும். அதுவும் யூடிசி (உலகப் பொது நேரம்), இந்திய நேரப்படி 15ஆம் தேதி அதிகாலை 2:10.

ஓடியதா என்பது வேறு கேள்வி. ரன் கீயில் இருப்பது ‘லாகின் ஆனதும் ஓடு’ என்ற உத்தரவு மட்டுமே. விண்டோஸ் நிகழ்வுப் பதிவுகளில் ஒன்றான ஷெல்-கோர் ஆப்பரேஷனல் லாகில் 9707 என்ற நிகழ்வு எண்ணைத் தேடுங்கள். ரன் கீயிலிருந்து எந்தக் கட்டளை எப்போது கிளம்பியது என்று அங்கே இருக்கும். இவ்வளவு நேரடியான சாட்சியைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பிரீஃபெட்ச் கோப்பு (ஒரு புரோகிராம் ஓடியதை விண்டோஸ் குறித்து வைப்பது) இருந்தால் கடைசி 8 முறை ஓடிய நேரமும் கிடைக்கும்.

ஹைவ்_வாசகன்:
லாக்1, லாக்2 கோப்புகளையும் சேர்த்துத்தானே திறந்தீர்கள்? ஹைவில் (என்டியூசர்.டாட் போன்ற ரிஜிஸ்ட்ரி கோப்பில்) இன்னும் எழுதப்படாத மாற்றங்கள் அவற்றில் இருக்கும். ஸ்டார்ட்அப்அப்ரூவ்டு கீயையும் பாருங்கள். அதில் அப்டேட்ஹெல்ப்பருக்கான மதிப்பின் முதல் பைட் 02 என்றால் இயக்கத்தில் இருக்கிறது, 03 என்றால் நிறுத்தியிருக்கிறார்கள். கடைசி 8 பைட்டில் நிறுத்திய நேரம்.

நிலா_தடயம்:
பார்த்தேன். 03. நேரம் மார்ச் 11!

பழையரிஜிஸ்ட்ரி:
பார்த்தீர்களா, 14 என்று எழுதியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். டாஸ்க் மேனேஜரில் நிறுத்தினால் ரன் கீயில் வரி அப்படியே இருக்கும், இங்கே மட்டும்தான் குறிக்கப்படும். ஆக, 11ஆம் தேதியே அந்தப் பெயரில் ஒரு வரி இருந்திருக்கிறது. ‘அந்தப் பெயரில்’ என்றே எழுதுங்கள். பிறகு நீக்கிவிட்டு அதே பெயரில் வேறு கோப்பைச் சேர்த்திருக்கவும் வாய்ப்புண்டு. இஎக்ஸ்இ எப்போது வந்தது என்று எம்எஃப்டியில் (டிஸ்கில் உள்ள கோப்புகளின் பதிவேடு) ஒப்பிடுங்கள். 11க்குப் பிறகும் அது ஓடியதாக பிரீஃபெட்ச் காட்டினால், வேறு வழியில் கிளம்பியிருக்கலாம்; திட்டமிட்டு ஓட வைக்கும் வேலைகள் பதிவாகும் சிஸ்டம்32 டாஸ்க்ஸ் ஃபோல்டரில் எக்ஸ்எம்எல் கோப்புகளைத் திறந்து அந்த இஎக்ஸ்இயின் பாதையைத் தேடுங்கள்.